மாலை போட்டால் சாமி, கழற்றினால் மாமா

என் தாய்மாமா 40 வருடமாக சிகரெட் குடிப்பவர். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட். கல்யாண வீடு, தேர்தல் என்று ஏதாவது வந்தால் இரண்டு. டாக்டர் சொல்லிப் பார்த்தார், அத்தை அழுது பார்த்தார், பிள்ளைகள் பேசாமல் இருந்து பார்த்தார்கள். எதற்கும் அசையவில்லை. ஆனால் கார்த்திகை முதல் தேதி குருசாமி கையால் மாலை போட்டுக்கொண்டார் என்றால் அந்த நிமிடத்தோடு சரி. மலைக்குப் போய்த் திரும்பும் வரை ஒன்றுகூடக் கிடையாது. மிச்சமிருக்கும் பாக்கெட்டைத் தூக்கி எறிவதுகூட இல்லை. அது பாட்டுக்கு பீரோ மேல் கிடக்கும்.

மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் பார்த்தால், முக்குக் கடையில் நூலில் கட்டித் தொங்கும் லைட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்.

ஒரு முறை கேட்டேவிட்டேன். 41 நாள் இல்லாமல் இருக்க முடிந்த மனுஷனுக்கு 42-ஆவது நாள் என்ன வந்தது? புகையை ஒரு பக்கமாக விட்டுவிட்டுச் சொன்னார்: "அப்போ நான் சாமிடா. இப்போ உன் மாமாதானே."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் பழக்கங்களைப் பற்றி உளவியல்காரர்கள் எழுதியதை அப்புறம் தேடிப் படித்தபோதெல்லாம் இந்தப் பதில்தான் குறுக்கே வந்து நின்றது.

பழக்கம் என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர், "21 நாள் விடாம செஞ்சா போதும், அப்புறம் தானா ஒட்டிக்கும்" என்பார். இந்த 21 எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமான கதை. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் வெளியிட்ட ஒரு புத்தகத்திலிருந்து கிளம்பியது அது. முகத்தைத் திருத்திக்கொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்தைத் தம் முகமாக ஏற்றுக்கொள்ளக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். கையையோ காலையோ இழந்தவர்களுக்கு அது இன்னும் இருப்பதுபோன்ற உணர்வும் ஏறக்குறைய அத்தனை நாள் தொடர்வதாக எழுதினார். அவர் பேசியது வாக்கிங்கைப் பற்றியோ கீரை சாப்பிடுவதைப் பற்றியோ அல்ல. தன்னைப் பற்றி ஒருவர் மனதில் வைத்திருக்கும் படம் மாற எத்தனை நாள் ஆகும் என்பதைத்தான் அவர் சொன்னார். ஊர் ஊராக, வாய் வாயாகப் பரவியதில் 'குறைந்தது' உதிர்ந்தது, 'படம்' உதிர்ந்தது. 21 மட்டும் மிஞ்சியது.

பழக்கம் ஒட்டிக்கொள்ள எத்தனை நாள் என்பதை ஒழுங்காக அளந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஃபிலிப்பா லாலி. 96 பேரிடம் ஆளுக்கு ஒரு சின்னப் பழக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு தம்ளர் தண்ணீர், இரவுச் சாப்பாட்டுக்கு முன் 15 நிமிட ஓட்டம், இப்படி. 84 நாள் பார்த்தார்கள். யோசிக்காமலேயே அதைச் செய்யும் நிலைக்கு வர 18 நாளில் இருந்து 254 நாள் வரை ஆகலாம் என்று தெரிந்தது. நடுவில் விழுந்த எண் 66. (84 நாள் ஆய்வில் 254 எப்படி வந்தது என்று கேட்பீர்கள். வரைபடத்தில் வந்த கோட்டைக் கணக்குப் போட்டு நீட்டித்தான்.) நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய நஷ்டம் இல்லை என்பதும் அதில் தெரிந்த இன்னொரு விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் கணக்கை மாமாவுக்குப் பொருத்திப் பார்த்தால் குழப்பம்தான் வரும். நிகோடின் இல்லாமல் உடம்பு படும் பாடு முதல் சில நாட்களில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதாவது அவர் மாலையைக் கழற்றும்போது உடம்பு சிகரெட்டைக் கிட்டத்தட்ட மறந்திருக்கும். கஷ்டமான பகுதியை வருடா வருடம் தாண்டிவிட்டு, கரையேறிய பிறகு திரும்பவும் ஆற்றில் குதிக்கிறார்.

பக்தி என்று சொல்லிவிட்டுப் போகலாம். பக்தி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. சூழலும் உதவுகிறது: விடியற்காலைக் குளியல், தரையில் படுக்கை, சாயங்காலம் பஜனை, சேர்ந்து தம் அடிக்கிறவர்கள் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வது. ஆனால் இவற்றோடு இன்னொன்றும் நடக்கிறது. மாலை போட்ட மறுநாளே அவர் பெயர் மாறிவிடுகிறது. டீக்கடையில் "சாமிக்கு ஒரு டீ". பஸ்ஸில் கண்டக்டர் "சாமி, உள்ள போங்க". பெற்ற பிள்ளைகூட "சாமி, சாப்பிட வாங்க". கறுப்பு வேட்டி, வெறுங்கால், தாடி, நெற்றியில் சந்தனம். கண்ணாடியில் பார்த்தாலும் சாமி, தெருவில் நடந்தாலும் சாமி. அந்த ஆள் சிகரெட் பற்ற வைத்தால் மீறுவது ஒரு விதியை அல்ல. 'நான் யார்' என்பதே அங்கே பொய்யாகிவிடும். மேல்மருவத்தூர் போகிற பெண்கள் சிவப்புச் சேலையில் ஒருவரையொருவர் 'சக்தி' என்று கூப்பிட்டுக்கொள்வதும், பகலில் அரை மணி நேரம்கூடச் சிகரெட்டை மறக்க முடியாத ஒரு பாய் ரமலானில் சாயங்கால மக்ரிப் தொழுகை வரை தொடாமல் இருப்பதும் இதே சங்கதிதான். மன உறுதி வருடத்தின் மீதி நாளெல்லாம் எங்கே போயிருந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. ஆள் மாறினார், பழக்கம் மாறியது. ஆள் திரும்பினார், பழக்கமும் திரும்பியது.

சுயபிம்பம் என்றதும் பலருக்கு அழகு, உடல்வாகு என்றுதான் தோன்றும். அதுவும் உண்டு. ஆனால் இங்கே முக்கியம் அதற்கு அடியில் இருப்பது: "நான் எந்த மாதிரி ஆள்?" என்பதற்கு ஒருவர் யோசிக்காமல் சொல்லும் விடை. "நானெல்லாம் காலைல எந்திரிக்கிற ஆளே இல்ல." "நமக்கு இனிப்புன்னா உசிரு." "எங்க வம்சமே இப்படித்தான் குண்டு." இவை தகவல் மாதிரி ஒலிக்கும். உண்மையில் இவை உத்தரவுகள். காலையில் அலாரம் அடிக்கும்போது, எழுந்திருப்பதா வேண்டாமா என்று புதிதாக யாரும் விவாதிப்பதில்லை. அந்த விடை ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த விடையை யார் எழுதினார்கள்? டேரில் பெம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1967-லும் 1972-லும் எழுதிய கட்டுரைகளில் ஒரு கருத்தை முன்வைத்தார். நாம் நம்மைத் தெரிந்துகொள்வது உள்ளே எட்டிப் பார்த்து அல்ல. பல நேரம், எதிர்வீட்டுக்காரரை எடைபோடுவதுபோல வெளியே இருந்துதான். எதிர்வீட்டுக்காரர் தினமும் 5 மணிக்கு ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்தால் "உடம்பைப் பார்த்துக்கிற ஆள்" என்று முடிவு செய்கிறோம். நாமே ஒரு மாதம் கிளம்பினால், நம்மைப் பற்றியும் அதே முடிவுக்கு வருகிறோம். செயல் முன்னே போகிறது, படம் பின்னால் வருகிறது. வந்த படம் அடுத்த நாள் செயலைக் கொஞ்சம் சுலபமாக்குகிறது. இது ஒரு சுற்று. நல்லதுக்கும் சுற்றும், கெட்டதுக்கும் சுற்றும்.

அதனால்தான் கண்ணாடி முன் நின்று "நான் ஆரோக்கியமானவன், நான் வெற்றியாளன்" என்று சொல்லிக்கொள்ளும் முறையில் எனக்கு நம்பிக்கை குறைவு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோஆன் வுட்டும் அவருடைய சகாக்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், "நான் நேசிக்கத்தக்கவள்" என்பதுபோன்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். ஏற்கெனவே தன்மதிப்பு உள்ளவர்களுக்கு அது லேசாக உதவியது. தன்னைப் பற்றித் தாழ்வாக நினைத்தவர்களுக்கோ முன்பைவிட மனசு சுருங்கியது. வாய் ஒன்று சொல்ல, உள்ளே இருக்கும் கணக்குப்பிள்ளை "அதுக்கு சாட்சி எங்கே?" என்று கேட்கிறார் போலும்.

சாட்சி இருந்தால் கணக்குப்பிள்ளை ஒப்புக்கொள்கிறார். இங்கிலாந்தில் ராபர்ட் வெஸ்ட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் சிகரெட்டை விட்டவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது இதற்குப் பக்கத்தில் உள்ள ஒன்றைக் கண்டார்கள். விட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. சிலர் தன்னை 'இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கும் சிகரெட்காரர்' என்று நினைக்கிறார்கள். சிலர் 'குடிக்காதவர்' என்றே நினைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டாவது வகையினர்தான் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கிறார்கள். உடற்பயிற்சியிலும் அப்படித்தான். 1994-லேயே இதை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கிவிட்டார்கள். 'உடற்பயிற்சி செய்யும் ஆள்' என்பது தன் அடையாளத்தின் ஒரு பகுதி என்று சொல்பவர்கள் அதிகம் செய்கிறார்கள். சரி, இதில் எது காரணம் எது விளைவு என்று வாதம் செய்யலாம். நிறையச் செய்கிறவர்தானே அப்படி நினைப்பார்? ஆமாம். பெம் சொன்ன சுற்றும் அதுதானே.

இந்த இடத்தில் நம் மொழியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். "நான் சைவம்." "நான் விரதம்." "நான் நோன்பு." இந்த வாக்கியங்களில் வினைச்சொல்லே இல்லை. ஆளும் பழக்கமும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. இதே ஆட்கள் எடை குறைக்கக் கிளம்பினால் என்ன சொல்கிறார்கள்? "நான் டயட்ல இருக்கேன்." டயட் ஒரு இடம் மாதிரி. பஸ் ஸ்டாண்டில் இருக்கிறேன், ஆபீஸில் இருக்கிறேன், டயட்டில் இருக்கிறேன். உள்ளே போனவர் வெளியே வந்துதான் ஆக வேண்டும். 'சைவம்' என்று சொல்பவரிடம் யாரும் "எத்தனை நாளைக்கு?" என்று கேட்பதில்லை. டயட்காரரிடம் அதுதான் முதல் கேள்வி.

மறுக்கும்போது வரும் சொல்லும் அப்படித்தான். விருந்தில் ஜிலேபியை நீட்டுகிறார்கள். "சாப்பிடக் கூடாதுங்க" என்றால் யாரோ தடுத்திருக்கிறார்கள் என்று பொருள். தடுத்தவர் இங்கே இல்லை, ஆகவே "ஒண்ணே ஒண்ணு, ஒண்ணும் ஆகாது" என்ற பதில் உடனே வரும். "நான் இனிப்பு சாப்பிடறதில்லைங்க" என்றால் பேச்சு அங்கேயே முடியும். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் வனெசா பேட்ரிக்கும் பாஸ்டன் காலேஜின் ஹென்ரிக் ஹாக்ட்வெட்டும் 2012-ல் இதை ஆங்கிலத்தில் சோதித்தார்கள். ஆசை காட்டும் தின்பண்டத்தை மறுக்க ஒரு குழுவுக்கு 'என்னால் முடியாது' என்ற சொல்லையும், இன்னொரு குழுவுக்கு 'நான் செய்வதில்லை' என்ற சொல்லையும் கொடுத்தார்கள். பிறகு கிளம்பும்போது சாக்லேட்டா, தானியக் கட்டியா என்று நீட்டினார்கள். 'முடியாது' குழுவில் 39 சதவீதம் பேர் தானியக் கட்டியை எடுத்தார்கள். 'செய்வதில்லை' குழுவில் 64 சதவீதம்.

வெறும் சொல்லுக்கு இவ்வளவு பலமா என்று சந்தேகப்படுவது நல்லது. இதே வகையில் பிரபலமான ஒரு ஆய்வு உண்டு. தேர்தலுக்கு முன் "ஓட்டுப் போடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?" என்று கேட்பதைவிட "வாக்காளராக இருப்பது எவ்வளவு முக்கியம்?" என்று கேட்டால் கூடுதல் பேர் ஓட்டுப் போடுகிறார்கள் என்று 2011-ல் அமெரிக்காவில் கண்டார்கள். 2016-ல் வேறொரு குழு பல ஆயிரம் பேரிடம் அதைச் செய்து பார்த்தபோது பலன் தெரியவில்லை. தேர்தல் சூழல் வேறு என்று முதல் குழு பதில் சொன்னது. இதில் யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். 'சாமி' என்ற சொல் தனியாக மாமாவை மாற்றவில்லை; அதற்குப் பின்னால் குளியலும் வெறுங்காலும் 41 நாள் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. சொல்லை மட்டும் கழற்றி எடுத்து மாட்டிக்கொண்டால் அது முதல் மழையிலேயே கரைந்துவிடும்.

இப்போது விட்டுப்போகும் நாளுக்கு வருவோம். என் அனுபவத்தில் நல்ல பழக்கங்கள் சாவது இங்கேதான்.

"முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு" என்று நம் ஊரில் சொல்வார்கள். 1975-ல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் செய்த ஒரு சோதனை இந்தப் பழமொழிக்கு எழுதிய உரை மாதிரி இருக்கும். கல்லூரிப் பெண்களில் சிலருக்கு ஒரு மில்க் ஷேக், சிலருக்கு இரண்டு, சிலருக்கு ஒன்றுமில்லை. அப்புறம் ருசி பார்ப்பதற்கு என்று சொல்லி எல்லோர் முன்னாலும் ஐஸ்கிரீம் கிண்ணங்களை வைத்து, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள், வயிறு நிறைந்திருக்கிறதே. ஆனால் உணவுக்கட்டுப்பாட்டில் இருந்த பெண்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இன்றைய கணக்கு கெட்டுப்போய்விட்டது, இனி என்ன என்ற மனநிலை. ஹெர்மனும் ஜேனட் பொலிவியும் பின்னால் டொரான்டோவில் இதைப் பல வருடம் தொடர்ந்து ஆராய்ந்தார்கள்.

குடியைவிட்டவர்கள் ஏன் ஒரு கிளாஸோடு நிற்காமல் பாட்டிலுக்குப் போகிறார்கள் என்று ஆராய்ந்த ஆலன் மார்லட், சறுக்கலுக்கும் முழு வீழ்ச்சிக்கும் நடுவே இருப்பது ஒரு விளக்கம் என்றார். "நேற்று நண்பன் கல்யாணம், மாட்டிக்கொண்டேன்" என்று விளக்கிக்கொள்பவர் மறுநாள் திரும்பி வருகிறார். "நான் எப்பவுமே இப்படித்தான், என்னால ஆகாது" என்று விளக்கிக்கொள்பவர் திரும்புவதில்லை. சறுக்கியது ஒரே அளவுதான். ஒருவர் அதை நடந்த சம்பவமாக வைத்துக்கொண்டார், இன்னொருவர் தன் குணமாக வைத்துக்கொண்டார்.

இங்கேதான் சுயபிம்பம் இரண்டு பக்கமும் வெட்டும். 'நான் ஒரு நாள்கூடத் தவறாதவன்' என்று ஒருவர் தன்னைப் பற்றிப் பெருமையாக ஒரு படம் வரைந்துகொண்டால், அது 99 நாள் அவரைத் தாங்கும். 100-ஆவது நாள் காய்ச்சலில் படுத்தால் படமே கிழியும். செல்போன் ஆப்களில் தொடர்ந்து இத்தனை நாள் என்று நெருப்புப் படம் போட்டுக் காட்டுகிறார்களே, அதை நான் கொஞ்சம் பயத்தோடுதான் பார்க்கிறேன். ஒரு நாள் விட்டால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது. லாலியின் ஆய்வில் ஒரு நாள் விட்டவர்களின் பழக்கம் பூஜ்யத்துக்குப் போகவில்லை. உடம்புக்குத் தெரிந்த கணக்கு ஆப்புக்குத் தெரியவில்லை.

தன்னிடம் கொஞ்சம் கனிவாக இருப்பது சோம்பேறித்தனத்துக்கு வழிவிடும் என்று நாமெல்லாம் நினைக்கிறோம். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் வளர்த்தார்கள். கிளேர் ஆடம்ஸும் மார்க் லியரியும் 2007-ல் செய்த சோதனை வேறு மாதிரி சொல்கிறது. பெண்களுக்கு டோனட் கொடுத்துச் சாப்பிட வைத்தார்கள். ஒரு குழுவிடம் மட்டும், "எல்லோரும் சில நேரம் இப்படிச் சாப்பிடுவதுதான், இதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள்" என்று சொன்னார்கள். பிறகு மிட்டாய்களை முன்னால் வைத்தபோது, கட்டுப்பாட்டோடு சாப்பிடும் பழக்கமுள்ள பெண்களில் இந்த வார்த்தையைக் கேட்டவர்கள் கேட்காதவர்களைவிடக் குறைவாகவே சாப்பிட்டார்கள்.

நம் வீடுகளில் நடப்பது நேர் எதிர். கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிப்பதற்கு முன்பே "என்னம்மா, இப்படிக் குண்டாயிட்டே?" என்று வரவேற்கிற பெரியம்மாக்கள் இல்லாத குடும்பம் எது? அக்கறையில்தான் சொல்கிறார்கள் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். அக்கறையாகவே இருக்கட்டும், பலன் என்ன? இங்கிலாந்தில் 50 வயதுக்கு மேற்பட்ட 2,944 பேரை நான்கு வருடம் பார்த்தார்கள். எடையைக் காரணம் காட்டித் தன்னை மட்டமாக நடத்துகிறார்கள் என்று சொன்னவர்களுக்கு அந்தக் காலத்தில் சராசரியாக ஏறக்குறைய 1 கிலோ கூடியிருந்தது. மற்றவர்களுக்குக் கொஞ்சம் குறைந்திருந்தது. கலிபோர்னியாவில் பிரெண்டா மேஜரும் அவருடைய குழுவும் 2014-ல் வெளியிட்டதில் இன்னும் நுணுக்கமான ஒன்று வந்தது. குண்டாக இருப்பவர்களுக்கு வேலை விஷயத்தில் பாதகம் என்ற செய்தியைப் பெண்களைப் படிக்கவைத்து, பக்கத்தில் நொறுக்குத்தீனியையும் வைத்தார்கள். தன்னைக் குண்டு என்று நினைத்தவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், தன் வாயைத் தன்னால் கட்ட முடியாது என்றும் உணர்ந்தார்கள். தராசு காட்டிய எடையைவிட, அவர்கள் தங்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதே அங்கே வேலை செய்தது.

உடற்பயிற்சிப் பக்கமே போகாதவர்களின் கதையும் இதில் அடங்கும். "கொஞ்சம் எடை குறைஞ்சதும் ஜிம்முக்குப் போறேன்" என்று சொன்ன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கலாம். அவர் மனதில் ஜிம் என்பது ஏற்கெனவே ஒல்லியானவர்களின் இடம். அமெரிக்காவில் டாஃப்னா ஆய்சர்மன் குழு 2007-ல் காட்டியதும் இதற்குப் பக்கத்து விஷயம்: கறுப்பின, பூர்வகுடி, மெக்சிகோ வம்சாவளி மாணவர்களில் பலர் உடற்பயிற்சியையும் அளவான சாப்பாட்டையும் வெள்ளைக்கார நடுத்தர வர்க்கத்தின் பழக்கமாகப் பார்த்தார்கள். தங்கள் சமூகத்தை நினைவூட்டியதும் அவற்றில் பலன் இல்லை என்ற எண்ணமும் கூடியது. நம் ஊரில் இனம் வேறு வடிவத்தில் வரும். "ஷூ மாட்டிக்கிட்டு வாக்கிங் போறதெல்லாம் ரிட்டயர்டு ஆபீஸருங்க வேலை." நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு அது தன் உலகத்துச் செயலாகவே தெரியாது. 2022 நிலவரப்படி இந்தியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தேவையான உடலுழைப்பு இல்லை என்று 2024-ல் ஒரு மருத்துவ இதழ் கணக்கிட்டது: பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். நேரமில்லை, தெருவில் பாதுகாப்பில்லை, நடைபாதையில் பைக் நிற்கிறது. எல்லாம் உண்மை. இவற்றை மறைத்துவிட்டு "மனசை மாத்திக்கோங்க" என்று மட்டும் சொல்வது அநியாயம். ஆனால் நடைபாதை போட்ட பிறகும், அதில் நடப்பது 'நம்ம மாதிரி ஆளுங்க' செய்கிற காரியமா என்ற கேள்வி மிச்சம் இருக்கும். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று 2023-ல் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' போன்ற திட்டங்களுக்கும் அந்தக் கேள்வி உண்டு.

சர்க்கரை நோய்க்கு இதில் தனி அத்தியாயமே எழுதலாம். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 2023-ல் வெளியிட்ட கணக்கில் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். நம் ஆட்கள் இரண்டு விதமாக அதை ஏற்றுக்கொள்கிறார்கள். 60 வயதுக்காரர் "நான் சுகர் பேஷண்ட்" என்று தைரியமாகச் சொல்லி, டீக்கடையில் சர்க்கரை இல்லாமல் வாங்கிக் குடிப்பார். அந்தப் பட்டம் அவருக்கு ஒரு கேடயம். 32 வயதுக்காரருக்கு அதே பட்டம் அவமானம். ஆபீஸில் பிறந்தநாள் கேக்கை மறுத்தால் தெரிந்துவிடுமே என்று சாப்பிட்டுவிட்டு, மாத்திரையைக் கழிவறையில் போய்ப் போட்டுக்கொள்வார். இருவருக்கும் ஒரே மாத்திரை, ஒரே அறிவுரைத் தாள்.

வயதும் அப்படி. "இந்த வயசுக்கு மேல என்ன?" என்பது நம் வீடுகளில் அடக்கத்தின் அடையாளம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூரில் 50 வயது தாண்டிய 660 பேரிடம், முதுமையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு வைத்திருந்தார்கள். அவர்கள் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதோடு பெக்கா லெவி 2002-ல் அதைப் பொருத்திப் பார்த்தார். தன் முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய 7.5 வருடம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். மனசு நேரே ஆயுளை நீட்டிவிட்டது என்று நான் நம்பவில்லை. தன்னைக் காலாவதியானவர் என்று நினைக்காதவர் பரிசோதனைக்குப் போவார், மாத்திரையைத் தவறாமல் போடுவார், படியேறிப் பார்ப்பார். சின்னச் சின்ன வேலைகள். 20 வருடம் சேர்ந்தால் சின்னதாக இருக்காது.

நான் வாக்கிங்கில் நிலைத்த கதையில் ஞானம் எதுவும் இல்லை. பலமுறை தொடங்கி விட்டவன். கடைசியாகத் தொடங்கியபோது 10 நிமிடம் மட்டும் என்று வைத்துக்கொண்டேன், தோற்பதற்கு வாய்ப்பே இல்லாத அளவு. மூன்றாவது வாரம் ஒரு நாள் போகவில்லை. மறுநாள் பூங்கா வாசலில் தினமும் பார்க்கிற, பெயர்கூடத் தெரியாத பெரியவர், "என்ன சார், நேத்து ஆளைக் காணோம்?" என்றார். வராதது ஒரு செய்தி என்று அவர் முடிவு செய்துவிட்டார். அப்படியானால் வருவது என் வழக்கம் என்று அவர் நினைக்கிறார். அன்றைக்குத்தான் நானும் அப்படி நினைத்தேன். டைரியில் போட்ட டிக்குகளைவிட அந்தக் கேள்வி எனக்குப் பெரிய சாட்சி.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடமும் மார்கழியில் மாலையைக் கழற்றினார். தாடியை எடுத்துவிட்டு முக்குக் கடைக்குப் போனார். டீ மாஸ்டர் ஊருக்குப் புதுசு. அவர் மாமாவைப் பார்த்ததே கார்த்திகைக்கு அப்புறம்தான். அவருக்கு மாமாவின் இன்னொரு பெயர் தெரியாது. "வாங்க சாமி, டீயா?" என்றார். லைட்டர் பக்கம் போன கை என்ன செய்வதென்று தெரியாமல் டீ கிளாஸை வாங்கிக்கொண்டது என்று மாமாவே சொன்னார். தையும் மாசியும் அப்படியே ஓடின. பங்குனியில் பங்காளி வீட்டுச் சாவு. ராத்திரி முழுக்கப் பந்தலில் உட்கார்ந்திருந்ததில் ஒன்று பற்ற வைத்துவிட்டார். வீட்டில் எல்லோரும் "அவ்வளவுதான், பழைய கதைதான்" என்றார்கள். மறுநாள் காலை நானும் கூடப் போயிருந்தேன். மாமா பெட்டிக்கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். டீ மாஸ்டர் தலையைத் தூக்காமலேயே பாலை ஆற்றிக்கொண்டு கேட்டார்: "சாமிக்கு வழக்கம்போல ஸ்ட்ராங்கா?"